கோச்சுக்கு முன்னால் வருபவர்: அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஏ.டி.’ யார், ரசிகர்களுக்கு அவர்மேல் என்ன இவ்வளவு அக்கறை?

அத்லெட்டிக் டைரக்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, கழுத்தில் விசிலோடு காலை ஆறு மணிக்கே மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பிசிக்கல் டைரக்டர்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் உட்கார்ந்திருப்பவர் விசிலைத் தொடுவதே இல்லை. பெரிய பல்கலைக்கழகம் என்றால், வருடத்துக்கு இருபது கோடி டாலர் புழங்கும் ஒரு தொழிலை அவர் நடத்துகிறார். மாணவர்கள் ஆடும் ஆட்டம்தான் அங்கே சரக்கு. ரசிகர்கள் அவரைச் சுருக்கமாக ‘ஏ.டி.’ என்பார்கள்.

புதிய ஏ.டி. நியமனம் என்று செய்தி வந்தால் அன்று ஊருக்கு வேறு பேச்சு இருக்காது. டீக்கடை அரசியல் போல ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். களத்தில் இறங்காத, யாருக்கும் பயிற்சி தராத ஒரு நிர்வாகிக்கு ஏன் இத்தனை கைதட்டல், இத்தனை வசை? இதைப் புரிந்துகொள்ள டென்னஸி பல்கலைக்கழகத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2017 பிப்ரவரி முதல் 2021 ஜனவரி வரை, நான்கு வருடம் முடிவதற்குள் மூன்று புதிய ஏ.டி.க்களை வரவேற்ற இடம் அது. ஒருவருக்கு முணுமுணுப்பு, ஒருவருக்குக் கொண்டாட்டம், ஒருவருக்குச் சந்தேகம். பிறகு நடந்தது எதுவும் முதல் நாள் மனநிலைக்குப் பொருந்தி வரவில்லை.

சரி, முதலில் வேலையைப் பார்ப்போம்.

டென்னஸி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சம். அந்த ஊரில் டென்னஸி ஆற்றங்கரையில் இருக்கும் நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு ‘வாலன்டியர்ஸ்’ என்று பெயர், செல்லமாக ‘வால்ஸ்’. (நம் கால்பந்து வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.) சனிக்கிழமை ஆட்டம் என்றால் சில ரசிகர்கள் ஆற்றில் படகிலேயே வந்து, கரையில் கட்டிவைத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குள் போவார்கள். இந்தப் படகுக் கூட்டத்துக்கு ‘வால் நேவி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஃபுட்பால் வருமானத்தில்தான் மற்ற அணிகளும் பிழைக்கின்றன. நீச்சல், படகோட்டம், கோல்ஃப், டென்னிஸ், தடகளம் என்று இருபது அணிகள் வரை இருக்கும். பெரும்பாலானவை செலவுதான் வைக்கும். அவற்றில் பெண்கள் அணிகளைச் செலவு என்று சொல்லி மூடிவிட முடியாது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொல்லும் டைட்டில் ஒன்பது என்ற சட்டம் 1972 முதல் இருக்கிறது. ஆக, ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் வருவதைப் பிரித்து எல்லோரையும் கரையேற்ற வேண்டும். டிக்கெட் விலை, ஸ்டேடியம் பராமரிப்பு, விளம்பர ஒப்பந்தம், விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாமே ஏ.டி.யின் தலையில். இவ்வளவுக்கும் மேல் அவர் பணம் திரட்டும் ஆள். ‘பூஸ்டர்’ எனப்படும் வசதியான நன்கொடையாளர்களோடு விருந்து சாப்பிடுவதும் வேலையில் சேர்த்திதான். சம்பளமும் அதற்கேற்ப இருக்கும். டென்னஸியில் 2021-இல் வந்த ஏ.டி.க்கு ஆண்டுக்கு 18 லட்சம் டாலர் பேசினார்கள். அவருக்கு மேலே சான்சலர், அதாவது பல்கலைக்கழகத்தின் தலைமை நிர்வாகி.

ரசிகர்கள் இந்தப் பட்டியலுக்காகவா ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள்? இல்லை. அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: ஃபுட்பால் கோச்சை வேலைக்கு எடுப்பவரும் வீட்டுக்கு அனுப்புபவரும் இவர். மற்றதெல்லாம் உள்விவகாரம். புதிய ஏ.டி.யைப் பார்த்து ரசிகர் கேட்கும் கேள்வி, “இவர் யாரைக் கொண்டுவருவார்?” என்பதுதான். மாப்பிள்ளை வீட்டுத் தரகரை எடைபோடுவதுபோல. தரகரை யாரும் கட்டிக்கொள்ளப் போவதில்லை, ஆனாலும் ஆள் எப்படி என்று விசாரிக்காமல் விடமாட்டோம்.

கோச் தேர்வு தப்பினால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு சொல் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘பைஅவுட்’. ஒப்பந்தக் காலம் முடியும் முன்னே கோச்சை அனுப்பினால் கொடுக்க வேண்டிய தொகை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை அனுப்பியபோது பேசப்பட்ட பைஅவுட் ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! 2017-இல் அவரைக் கொண்டுவந்தவர் ஒரு ஏ.டி., 2021-இல் ஒப்பந்தத்தை நீட்டியவர் அடுத்த ஏ.டி. டென்னஸியிலும் இந்தக் கதை உண்டு. 2017-இல் வெளியேற்றப்பட்ட புட்ச் ஜோன்ஸ், டென்னஸியிடம் பைஅவுட் வாங்கிக்கொண்டே, பரம எதிரியான அலபாமாவில் சொற்பச் சம்பளத்துக்கு உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று நாக்ஸ்வில்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. தொழில்முறை அணியின் ரசிகர் மனது வெறுத்தால் வேறு அணிக்கு மாறிக்கொள்ளலாம். கல்லூரி அணியில் அது முடியாது. அவர் படித்த இடம். இல்லையென்றால் அப்பாவோ தாத்தாவோ படித்த இடம். அதுவும் இல்லையென்றால் பிறந்த மாநிலத்தின் கொடி. நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடையும் கொடுக்க வேண்டும். அப்படி வருடக்கணக்கில் கொடுத்தவருக்கு நிர்வாகத்தில் ஓட்டு கிடையாது. பணம் கொடுத்தும் ஓட்டு இல்லாதவனுக்குக் கத்துவது ஒன்றுதானே வழி?

இப்போது டென்னஸி கதைக்கு வருவோம். இதில் ஆரம்பப் புள்ளி ஃபிலிப் ஃபுல்மர். அதே அணியில் ஆடியவர், பின்பு 1992 முதல் 2008 வரை தலைமைக் கோச்; 1998 சீசனில் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2008-இல் அவரை வெளியே அனுப்பினார்கள். அதற்குப்பின் வந்த லேன் கிஃபின் ஒரே சீசன் இருந்துவிட்டு, 2010 ஜனவரியில் ஓர் இரவு கலிஃபோர்னியாவில் வேறொரு பல்கலைக்கழக அணிக்குக் கிளம்பிவிட்டார். அன்று மாணவர்கள் தெருவில் கூடி மெத்தைகளைக் கொளுத்தினார்கள். அடுத்து டெரிக் டூலி, அப்புறம் புட்ச் ஜோன்ஸ். 2017-இல் 4 வெற்றி, 8 தோல்வி; அணியின் வரலாற்றிலேயே எட்டு ஆட்டம் தோற்ற முதல் சீசன். ஃபுல்மரை அனுப்பியதிலிருந்துதான் சனி பிடித்தது என்பது பல ரசிகர்களின் உறுதியான நம்பிக்கையாகிப் போனது.

அந்த 2017 பிப்ரவரியில்தான் ஜான் கர்ரி ஏ.டி.யாக அறிவிக்கப்பட்டார். கான்சஸ் ஸ்டேட்டில் ஏ.டி.யாக இருந்தவர், அதற்கு முன் டென்னஸியிலேயே அதிகாரியாக வேலை பார்த்தவர். பழைய நிர்வாகத்தின் ஆள், ஃபுல்மரை அனுப்பிய காலத்து மனிதர் என்று ரசிகர்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. “ஃபுல்மரையே போட்டிருக்கலாமே” என்றவர்கள் நிறையப் பேர். கர்ரி ஒரு நல்ல காரியத்தோடுதான் தொடங்கினார். 2015-இல் முந்தைய நிர்வாகம், கூடைப்பந்து தவிர மற்ற பெண்கள் அணிகளிடமிருந்து ‘லேடி வால்ஸ்’ என்ற பெயரை எடுத்துவிட்டிருந்தது. பாட் சம்மிட் என்ற மாபெரும் பெண் கோச் எட்டு தேசியப் பட்டங்களை வென்று பெருமை சேர்த்த பெயர் அது, ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். 2017 செப்டம்பரில் கர்ரி அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பாராட்டு குவிந்தது.

அந்தப் பாராட்டின் ஆயுள் இரண்டரை மாதம். நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஒஹையோ ஸ்டேட்டின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோவைக் கர்ரி தலைமைக் கோச்சாக எடுக்கப்போகிறார் என்ற செய்தி மதியம் கசிந்தது. வளாகத்தில் ‘தி ராக்’ என்று ஒரு பெரிய பாறை உண்டு. மாணவர்கள் பெயின்ட் அடித்து எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். சில மணி நேரத்தில் அதில் ஷியானோவைக் குற்றம் சாட்டும் வாசகம் ஏறியது. அவர் 1990களில் பென் ஸ்டேட்டில் உதவிக் கோச்சாக இருந்தபோது, அங்கே நடந்த சிறார் பாலியல் கொடுமை அவருக்குத் தெரியும் என்று, இன்னொருவர் வாக்குமூலத்தில் காதுவழிச் செய்தியாக ஒரு வரி வந்திருந்தது. அவர் அதை மறுத்தார். அவர்மேல் எந்த வழக்கும் வரவில்லை, எதுவும் நிரூபிக்கப்படவுமில்லை. ஆனால் கூட்டம் கூடிவிட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்கூட எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரவுக்குள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

என் கணிப்பைக் கேட்டால், அந்தக் கோபத்தில் நியாயமான கவலையும் இருந்தது, “இவ்வளவு பெரிய அணிக்கு இவர்தானா கிடைத்தார்?” என்ற ஃபுட்பால் ஏமாற்றமும் அதே அளவு இருந்தது. இரண்டாவதை வெளிப்படையாகச் சொல்ல முடியாதபோது முதலாவது கைகொடுத்தது. ஒரு மனிதரின் பெயர் அதில் அடிபட்டதை ரசிகர்கள் அதிகம் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஷியானோ பின்னாளில் ரட்கர்ஸ் அணியின் தலைமைக் கோச்சாகப் போனார்.

டிசம்பர் 1 அன்று கர்ரியின் கதையும் முடிந்தது. பொறுப்பேற்று எட்டு மாதம். அன்றைக்கே சான்சலர் பெவர்லி டேவன்போர்ட் அறிவித்த புதிய ஏ.டி. யார் தெரியுமா? ஃபிலிப் ஃபுல்மர். ஏ.டி.யாக ஒரு நாள் அனுபவம்கூட அவருக்குக் கிடையாது. ஆனால் அன்று ஊரில் இருந்தது திருவிழா மனநிலை. வனவாசம் முடிந்து வீடு திரும்பியவரை வரவேற்பதுபோல வரவேற்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஃபுல்மர் தன் கோச்சைத் தேர்ந்தெடுத்தார்: அலபாமாவின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜெரமி ப்ரூயிட். தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. ஷியானோ அளவுக்கு அலசியிருந்தால் இவரிடமும் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் “ஃபுல்மர் பார்த்து எடுத்த ஆள்” என்பதே போதுமான சான்றிதழாக இருந்தது.

மூன்று சீசனில் ப்ரூயிட் 16 ஆட்டம் ஜெயித்து 19 தோற்றார். அதைவிடப் பெரிய அடி வேறு. வீரர்களை ஈர்க்க விதிகளை மீறி அவர்களுக்கும் குடும்பத்துக்கும் பணம் கொடுத்த விவகாரம் வெளியே வந்து, 2021 ஜனவரி 18 அன்று அவர் நீக்கப்பட்டார். அதே நாளில் ஃபுல்மர் ஓய்வை அறிவித்தார். ஃபுல்மர்மேல் குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023-இல் டென்னஸிக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதமும் ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது.

மூன்று நாளில் அடுத்த ஏ.டி. வந்தார்: டேனி ஒயிட். இவர் வேறு ரகம், ஏ.டி. வேலையையே குலத்தொழிலாகக் கொண்ட வீடு. அப்பா கெவின் ஒயிட் அப்போது டியூக் பல்கலைக்கழகத்தின் ஏ.டி. ஒரு சகோதரர் ஃபுளோரிடா அட்லான்டிக்கில் ஏ.டி., இன்னொருவர் கூடைப்பந்து கோச். டேனி அதற்கு முன் இருந்தது சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில். அங்கே 2015-இல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி, அவர் எடுத்த கோச்சின் கீழ் 2017-இல் 13 ஆட்டமும் ஜெயித்தது. தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் இடம் தரவில்லை என்றதும், “அப்படியென்றால் நாங்களே சாம்பியன்” என்று ஒயிட் அறிவித்துவிட்டு, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் விட்டு, கோச்சுகளுக்குப் பட்டத்துக்கான போனஸும் கொடுத்தார்! பாதி நாடு சிரித்தது. நாக்ஸ்வில் ரசிகர்களோ, “நமக்காக இப்படிச் சண்டை போடும் ஆள் வேண்டும்தான்” என்றார்கள்.

ஆனால் ஆறாவது நாளே முகம் சுருங்கியது. நாடு முழுக்கத் தேடுவார் என்று பார்த்தால், சென்ட்ரல் ஃபுளோரிடாவில் தன்னிடமே இருந்த ஜாஷ் ஹைபலைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். ஹைபல் அங்கே ஜெயித்தவர்தான், ஆனால் முதல் வருடம் 12 வெற்றி, அடுத்து 10, அடுத்து 6 என்று இறங்குமுகம். “பக்கத்து அறையில் இருந்தவரைக் கூட்டிவர இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று ரசிகர்கள் கேட்டதில் தப்பில்லை.

2022 அக்டோபர் 15. நேலண்ட் ஸ்டேடியத்தில் அலபாமாவோடு ஆட்டம். 2006-க்குப் பிறகு டென்னஸி அவர்களை ஜெயித்ததே இல்லை. 49-49 என்று நின்றபோது, கடைசி நொடியில் சேஸ் மெக்ராத் உதைத்த பந்து தள்ளாடித் தள்ளாடிக் கம்பத்தைத் தாண்டியது. 52-49. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கி, தெருவழியே சுமந்துபோய் ஆற்றில் போட்டது. அணிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஒயிட்டின் அலுவலகம் என்ன செய்தது? புதுக் கம்பம் வாங்க வேண்டும், கை கொடுங்கள் என்று ரசிகர்களிடமே வசூலுக்கு இறங்கியது. கேட்டதற்கு மேலேயே பணம் வந்து சேர்ந்தது. பக்கத்து அறை ஆள் என்ற பேச்சு அதற்கப்புறம் காதில் விழவில்லை.

இப்படிப் பார்த்தால், புதிய ஏ.டி.க்குக் கிடைக்கும் முதல் நாள் வரவேற்பு பெரும்பாலும் அவரைப் பற்றியதாக இருப்பதில்லை. முந்தையவர் விட்டுச்சென்ற காயம் எது என்பதைத்தான் அது காட்டுகிறது. வெளியாள் சொதப்பியிருந்தால் ‘நம்ம வீட்டுப் பிள்ளை’ வேண்டும் என்பார்கள். வீட்டுப் பிள்ளை சொதப்பியிருந்தால் ‘தொழில் தெரிந்தவர்’ வேண்டும் என்பார்கள்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்? மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 2010-இல் அப்படி ஒருவர் கிடைத்தார். டேவ் பிராண்டன்: அதே அணியில் ஆடியவர், டோமினோஸ் பீட்சா கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர். கனவு ஜோடிப் பொருத்தம். ஆனால் டிக்கெட் விலை ஏற, அணி தேய, மாணவர்களுக்கு எரிச்சல் கூடியது. 2014-இல் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலர். அந்த செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் மின்னசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம் என்று ஒரு சலுகை வந்தது. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1975 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்த பெருமை இருந்தது. அங்கே டிக்கெட்டைக் கோக்கோடு இனாமாகக் கொடுப்பதா? சலுகையை நிறுத்தினார்கள், ஆனால் மானம் போனது போனதுதான். அதே ஆட்டத்தில் தலையில் அடிபட்ட ஒரு வீரரைத் திரும்பவும் களத்துக்கு அனுப்பியது இன்னும் பெரிய விவகாரமானது. மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு வாசல் வரை ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 31 அன்று பிராண்டன் பதவி விலகினார். அடுத்த ஆண்டு மாணவர் டிக்கெட் 175 டாலராக இறங்கியது.

சமீபகாலத்தில் ஏ.டி. வேலையின் கணக்கே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, பல்கலைக்கழகமே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? 2024 செப்டம்பரில் டென்னஸி, அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டில் பத்து சதவீதம் ‘திறமைக் கட்டணம்’ என்று சேர்த்தது. எதற்கு எடுக்கிறோம் என்று பெயரிலேயே சொல்லி எடுத்தது ஒருவகையில் நேர்மை. ஆக, இனி புதிய ஏ.டி. வந்தால் “யாரைக் கொண்டுவருவார்?” என்ற கேள்வியோடு “எங்களிடம் எவ்வளவு கறப்பார்?” என்பதும் சேர்ந்துகொள்ளும்.

கர்ரி கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 2017 ஜூனில், பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல், அவர் ஒரு பேஸ்பால் கோச்சை வேலைக்கு எடுத்தார்: டோனி விடெல்லோ. அதற்கு முன் தலைமைக் கோச்சாக இருந்திராதவர். ஃபுட்பாலில் மூழ்கிக் கிடந்த ஊரில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2024 ஜூனில் ஓமஹாவில் நடந்த இறுதியாட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 6-5 என்று வென்று, டென்னஸி பேஸ்பால் அணி தன் வரலாற்றில் முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி விடெல்லோவைத் தங்கள் மேலாளராக (அங்கே தலைமைக் கோச்சுக்கு அதுதான் பெயர்) கொத்திக்கொண்டு போனது. அந்த ஓமஹா வெற்றியன்று டென்னஸி ஏ.டி. நாற்காலியில் இருந்தவர் ஒயிட். விடெல்லோவைக் கண்டுபிடித்த கர்ரி, வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஏ.டி.யாக ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தார்.